குட்டை ஷாக்கும் கொழுந்தியாள் கல்யாணமும்

நான் முட்டாள் என்று ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் சாதாரண முட்டாள் இல்லை. இணையத்தில் அரைப் பக்கம் படித்துவிட்டு ஸ்பானரைக் கையில் எடுக்கிற ரகம். சாதாரண முட்டாளால் சைக்கிளுக்கு ஆபத்து வராது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். லோதி ரோடு குவார்ட்டர்ஸில் மாடி வீடு. தில்லியைக் காலி செய்துகொண்டு போன ஒரு தூதரகத்து வெள்ளைக்காரர் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றபோது, மிக்ஸி வாங்கப் போன நான் மவுண்டன் பைக்கோடு வந்தேன். முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர். மலையிலிருந்து இறங்கினாலும் அலுங்காதாம். (எங்கள் பேட்டையில் இருந்த ஒரே மலை, அள்ளாமல் கிடந்த குப்பை.)

சிக்கல் என்னவென்றால், மிதிக்கும்போதெல்லாம் பின்பக்கம் அமுங்கி எழும். டிபன் கேரியரோடு நான் ஆபீசுக்குக் குதித்துக் குதித்துப் போவதைப் பார்த்த கீழ்வீட்டு சர்மாஜி, கல்யாண ஊர்வலம் எப்போது என்று விசாரித்தார். இங்கே மாப்பிள்ளை குதிரைமேல்தான் வருவார்.

எனக்கு ரோஷம் வந்தது. அமுங்கும் தூரத்தைக் குறைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். குறைப்பது எனக்குக் கைவந்த கலை. அமைச்சகத்தில் சிக்கனப் பிரிவில் வேலை; பத்து நாற்காலி கேட்டால் ஆறு கொடுப்போம், ஆறு கேட்டால் ஏன் உட்காருகிறீர்கள் என்று கேட்போம். அதே நிர்வாகத் திறமையோடு ஜண்டேவாலான் சைக்கிள் சந்தையில், பழைய ஷாக்கைவிட நன்றாகக் குட்டையான ஒன்றை வாங்கி, சனிக்கிழமை சாயங்காலம் பால்கனியில் வைத்து நானே மாட்டினேன்.

மாட்டியதும் சைக்கிளின் பின்பக்கம் தாழ்ந்து, சீட்டின் மூக்கு வானத்தைப் பார்த்தது. எங்களோடு தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த கொழுந்தியாள் செண்பகம் எட்டிப் பார்த்தாள்.

"அத்தான், சைக்கிள் உக்காந்துட்டு."

"அது அடக்கம்மா" என்றேன்.

நீளம் வேறு, அமுங்கும் தூரம் வேறு என்பது பிறகுதான் தெரிந்தது. அதே நீளத்தில், குறைவாக அமுங்குகிற ஷாக்கைப் போட்டிருக்க வேண்டும். நானோ, வேகமாக நடக்கிறான் என்பதற்காக ஒருவன் காலையே வெட்டிக் குட்டையாக்கியிருந்தேன்.

மறுநாள் செண்பகத்தைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாமனார் இல்லாத குடும்பம். பெண் வீட்டுப் பெரியவர் என்ற பதவியில் நான்தான். இதற்கு முன் வந்த இரண்டு இடங்கள் என் நகைச்சுவை உணர்ச்சியால் கைநழுவியிருந்தன. (ஒரு மாப்பிள்ளையின் மீசையைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். ஒன்றே ஒன்று.) ஆகவே என் மனைவி கோமதி காலையிலேயே எச்சரித்தாள்.

"ஐ.என்.ஏ. மார்க்கெட்ல தேங்காய், வாழையில, தயிரு. ஆட்டோல போயிட்டு வாங்க, அந்தச் சனியன எடுக்காதீய. இந்த இடமும் தட்டிப் போச்சுன்னா நான் ஊருக்குப் போயிருவேன். நீங்க சைக்கிளோட குடும்பம் நடத்துங்க."

நான் சனியனைத்தான் எடுத்தேன். சோதனை ஓட்டம் வேண்டாமா?

போகும்போது பிரமாதம். குதிப்பே இல்லை. பெடல் மட்டும் அவ்வப்போது தரையில் உரசியது. முன்சக்கரம் லேசாக இருப்பதைக் கம்பீரம் என்று எடுத்துக்கொண்டேன். திரும்பும்போது முதுகுப் பையில் தேங்காயும் தயிரும், அதிலிருந்து கொடிபோல நீட்டிக்கொண்டு வாழையிலைக் கட்டும். எங்கள் பிளாக் வாசலில் ஒரு வேகத்தடை. அதில் ஏறி இறங்கியதும் பின்பக்கம் அடியோடு அமுங்கி, டயர் சட்டத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. பின்சக்கரம் நின்றது. முதுகுப் பாரம் பின்னால் இழுக்க, பைக் குதிரைபோல முன்னங்கால் தூக்கி நின்றது. நான் மல்லாந்தேன். தயிர் என் சட்டைக்குள் குடியேறியது.

பக்கத்தில் ஒரு கார் நின்றது. பட்டுப்புடவையும் மல்லிகைப் பூவுமாக ஒரு அம்மாள் இறங்கினார். பின்னாலேயே இஸ்திரி கலையாத ஒரு இளைஞர். பார்த்ததும் புரிந்துவிட்டது. அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

"அடி பட்டுட்டா தம்பி?" என்றார் அம்மாள், சுத்தத் திருநெல்வேலித் தமிழில்.

தமிழில் வாயைத் திறந்தால் கதை முடிந்தது. இருபது வருட தில்லி வாசம் கைகொடுத்தது.

"மாலூம் நஹீ ஜி" என்றேன். (அடிபட்டதா என்று கேட்டால் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.)

இளைஞர் தில்லியிலேயே பிறந்தவர். அழகான இந்தியில் எங்கள் வீட்டு எண்ணைச் சொல்லி வழி கேட்டார். நான் கடைக்கோடி பிளாக்கைக் காட்டினேன். அவர் உருண்டோடிய தேங்காயை எடுத்து என் கையில் மரியாதையாகக் கொடுத்தார். அம்மாள் மட்டும் என் முதுகிலிருந்த வாழையிலையைப் பார்த்துக்கொண்டே போனார்.

பின்பக்கப் படியில் ஓடினேன். கோமதி பக்கெட் தண்ணீரைத் தலையில் கொட்டினாள். காலனியை வலம் வந்து அவர்கள் மணி அடித்தபோது, குளியலறையிலேயே இருந்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். பெரியவர் பதவியை நினைவூட்டி, முதுகில் கைவைத்து வாசலுக்குத் தள்ளினாள்.

கதவைத் திறந்தேன். வேறு வழியில்லை.

"வாங்க, வாங்க" என்றேன்.

யாரும் உள்ளே வரவில்லை. அம்மாள் என் காது மடலில் மிச்சமிருந்த தயிரைப் பார்த்துவிட்டு, கோமதியிடம் கேட்டார்:

"இவுக யாரு?"

கோமதி கொஞ்சம் யோசித்தாள். (எனக்கு இன்றும் வலிப்பது அந்த யோசனைதான்.) "வீட்டுக்காரவுகதான்" என்றாள், செத்த குரலில்.

அடுக்களையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பெண் பார்க்கும் நாளில் பெண் சிரிக்கக் கூடாத சிரிப்பு. காபித் தட்டோடு வந்த செண்பகம், டம்ளர்கள் தாளம் போட, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டே நின்றாள். கோமதி கண்ணை மூடிக்கொண்டாள். ஊருக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று நான் யோசித்தேன். அப்போது வாசலில் இன்னொரு சிரிப்பு கேட்டது. மாப்பிள்ளை.

அவருடைய அம்மா சிரிக்கவில்லை. தாலி கட்டி முடித்த பிறகுதான் சிரித்தார். இப்படி ஒரு அத்தானோடு ஒரே வீட்டில் இருந்தும் சிரிக்கிற பெண் எதையும் தாங்குவாள் என்று தோன்றியதாம். சம்மதித்ததற்கு மாப்பிள்ளை சொன்ன காரணம் இது. ஆக, அந்தக் கல்யாணத்தை நடத்திவைத்தது என் ஷாக்தான். இதை எந்த விருந்தில் சொன்னாலும் கோமதி எனக்குத் தயிர் பரிமாற மறுக்கிறாள்.

அண்மையில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மகளுக்குப் புதிதாக ஒரு மவுண்டன் பைக் வாங்கியிருந்தார்கள். அமுக்கிப் பார்த்தேன். பின்பக்கம் ஆட்டம் கொஞ்சம் ஜாஸ்தி. கை அரித்தது.

"சகல, ஸ்பானர் எங்க இருக்கு?" என்றேன்.

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மாலூம் நஹீ ஜி."