இடது கையும் அப்பாவின் வலது காலும்

அன்று ஆட்டோவில் இருந்தவர்கள் நான்கு பேர். பின்சீட்டின் இடது ஓரத்தில் ராஜாத்தி அம்மா. என் அக்கா கலாவைத் தன் மகனுக்குப் பெண் கேட்டிருந்தவர். நடுவில் அவருடைய அண்ணன். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், அவர் தலையசைத்தால்தான் கல்யாணம். வலது ஓரத்தில் என் அப்பா, வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டோடு. ஓட்டுநர் இருக்கையில் நான்.

இல்லாதவர், அப்பாவின் ஸ்டாண்டிலேயே ஆட்டோ ஓட்டும் மூர்த்தி அண்ணன். ஆட்டோ ஓட்டவும் தெரிந்து, இரண்டு காலும் நன்றாக இருந்த ஒரே ஆள் அவர்தான்.

அவர்தான் ஓட்டுவதாக ஏற்பாடு. காலையில் அப்பாவுக்குப் போன் செய்து, “ஏர்போர்ட் சவாரி மாட்டிகிச்சு, மன்னிச்சிக்கோ ஏழுமல” என்று வைத்துவிட்டார். வேறு ஆட்டோ பிடித்துக் கூட்டி வரலாமே என்றேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“சம்பந்தி வூட்டாளுங்கள எவன் வண்டிலயோ இட்டாற சொல்றியா? என் வண்டி இன்னாத்துக்குடா கீது?”

“அப்ப நான் ஓட்டுறேன்பா” என்றேன்.

(உரிமம் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. ஸ்கூட்டருக்கு.)

என் தைரியத்துக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிப்படிப்பை முடித்தவன் நான். அப்பா, அம்மா இருவரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அக்கா எட்டாவதோடு நின்று, ராஜாத்தி அம்மா சூப்பர்வைசராக இருந்த தையல் கம்பெனிக்கே வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தாள். நான் பிசியோதெரபி கடைசி வருடம். அந்த வாரம்தான் மூளை நம் கை கால்களை எப்படி ஆள்கிறது என்ற பாடத்தை முடித்திருந்தேன். மூளை எப்படி வேலை செய்கிறது என்பதே எனக்குத் தெரியும், ஆட்டோ எம்மாத்திரம்?

ஒரே ஒரு சிக்கல். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இடது கைப்பிடியில் இருப்பது ப்ரேக். ஆட்டோவில் அதே இடத்தில், அதே வடிவத்தில் இருப்பது க்ளட்ச். அதைப் பிடித்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இருக்கும் பந்தம் அறுந்து, வண்டி சுதந்திரம் பெற்றுவிடும். ஆட்டோவின் ப்ரேக் வலது காலுக்குக் கீழே. நானோ ஐந்து வருடமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறவன். ஆட்டோவை இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலி மைதானத்தில் சுற்றியிருக்கிறேன்.

படப்பையிலிருந்து பஸ்ஸில் வந்தவர்களைத் தாம்பரத்தில் ஏற்றிக்கொண்டேன். ஜி.எஸ்.டி. சாலையில் நல்ல நெரிசல். அதுதான் என்னைக் காப்பாற்றியது. வண்டிகள் ஊர்ந்ததால் ஒவ்வொரு முறையும் ‘கால், கால்’ என்று மனசுக்குள் சொல்லிவிட்டு மிதிக்க நேரமிருந்தது. பீர்க்கன்கரணைக்குத் திரும்பியபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் மாமா கேட்டார்: “தம்பி இன்னா படிக்கிது?”

கேட்டிருக்கக் கூடாது.

“சார், இப்ப நீங்க ஒரு டம்ளரை எடுக்கணும்னு வெச்சுக்குங்க” என்று ஆரம்பித்தேன். கை நகருவதற்கு முன்பே மூளை அந்த அசைவைத் தயார் செய்துவிடுகிறது. எடுக்கலாமா, தள்ளலாமா, விட்டுவிடலாமா என்று பல அசைவுகள் உள்ளே போட்டி போடுகின்றன. மூளையின் ஆழத்தில் ஒரு பகுதி அத்தனையையும் கடிவாளம் போட்டுப் பிடித்து வைத்து, வேண்டியதை மட்டும் அவிழ்த்துவிடுகிறது. சிறுமூளை கூடவே ஓடிச் சரிபார்க்கிறது. எல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில்.

“அவ்ளோ வேல நடக்குதா உள்ள?” என்றார் மாமா, நிஜமான வியப்போடு.

“ஆமா சார். அத்தனை அசைவுல சரியானது ஒன்னை மட்டும்...”

ஏரிக்கரைச் சாலையிலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு சரிவு இறங்கும். இறங்கியதும் வளைவு. வளைவிலிருந்து தண்ணீர் கேன் ஏற்றிய மூன்று சக்கர வண்டி குறுக்கே வந்தது.

பிடித்தேன். இடது கையால். முழு பலத்தோடு.

வண்டி நிற்கவில்லை, ‘இதோ வந்துட்டேன்’ என்பது போலக் குஷியாக வேகம் எடுத்தது. இன்னும் இறுக்கினேன். வலது கையும் துணைக்கு வந்து, அந்தப் பக்கம் இல்லாத லீவரைக் காற்றில் தேடியது. என் வலது கால் மட்டும் பக்கத்து வீட்டு விருந்தாளி மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தது. “கால்ரா! கால்ரா!” என்று அப்பா கத்துவது கேட்டது. யாருடைய கால் என்பதுதான் புரியவில்லை.

கேன்காரர் வண்டியை விட்டுவிட்டுத் தாவினார். எப்படியோ ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்பினேன். இரண்டு கேன்கள் வெடித்தன. எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு முன்னால், புதுக்கட்டடத்துக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் ஆட்டோ மூக்கைச் செருகி நின்றது. முன்கண்ணாடி பொலபொலவென்று என் மடியில் உதிர்ந்தது. வாசலில் அம்மாவும், பட்டுப்புடவையில் அக்காவும் சிலை மாதிரி நின்றார்கள்.

“யோவ், கண்ணு இன்னா பொடனிலயா கீது?” என்றார் கேன்காரர்.

“கை தானா பிடிச்சுதுண்ணா. நான் ஒன்னும் பண்ணல.”

பின்னாலிருந்து மாமாவின் குரல் நிதானமாக வந்தது. “ஏதோ ஒன்ன மட்டும் அவுத்து வுடும்னியே தம்பி. எத்த அவுத்து வுட்டுச்சு?”

யாருக்கும் அடியில்லை என்றுதான் நினைத்தோம். பிறகுதான் அப்பா முனகினார். அவருடைய மாவுக்கட்டு பாதத்தருகே இரண்டாகப் பிளந்திருந்தது. மணலில் இடித்ததால் அல்ல. அதற்கும் முன்னால், வளைவு வந்தபோதே, பின்சீட்டில் உட்கார்ந்தபடி வண்டியின் இரும்புத் தரையை அந்த உடைந்த காலால் மிதித்திருக்கிறார். ப்ரேக் இல்லாத இடத்தில்.

“ஏம்பா மிதிச்ச?”

“நான் ஒன்னும் பண்ணலடா. கால் தானா பூட்ச்சு.”

வீட்டுக்குள் மாமா கேசரித் தட்டைத் தொடவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அக்கா கதவோரம் தலையைக் குனிந்து நின்றாள். அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரியும். நான்கு வருடம் என் கல்லூரிப் பணத்தைக் கட்டியவளுடைய கல்யாணத்தை ஒரே ஒரு இடது கையால் கலைத்துவிட்டேன் என்று நினைத்தபோது, அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

“கெளம்பலாம் ராஜாத்தி” என்றார் மாமா. “அக்கா வாய்க்கய யோசிக்காம வண்டிய எட்த்துகினு வந்த புள்ள.”

ராஜாத்தி அம்மா எழவில்லை. தன் இடது ஆள்காட்டி விரலை அவர் முன் நீட்டினார். நகத்தின் நடுவில் ஒரு வெள்ளைத் தழும்பு.

“இது ஞாபகம் இருக்காண்ணா? கால் மெஷின்ல பத்து வருஷம் தெச்சேன். பவர் மெஷினுக்கு மாத்துனாங்க. அதுல சும்மா தொட்டாலே ஓடும். என் காலு பழைய மாதிரியே மிதிச்சுது. ஊசி விரல்ல பூந்து அந்தாண்ட வந்துச்சு. நானா குத்திக்கினேன்?” பிறகு அப்பாவின் காலைக் காட்டினார். “அது உடஞ்ச காலு. மிதிச்சா வலிக்கும்னு அதுக்குத் தெரியாதா? நம்ம ரெண்டு பேரும் பின்னாடி இருக்கோம்னு மிதிச்சிருக்கு. இந்த வூட்ல பொண்ணு எடுக்காம வேற எங்க எடுக்குறது?”

மாமா அப்பாவின் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தக் கணத்தில் வெட்கத்தைக்கூட மறந்துவிட்டேன். பாடத்தில் படம் வரைந்து மதிப்பெண் வாங்கிய அத்தனையும் அந்தப் பிளந்த மாவுக்கட்டுக்குள் இருந்தது. பதினெட்டு வருடம் அந்தச் சரிவில் இறங்கிய கால். வளைவைக் கண்டதும் தயாராகி, எலும்பு உடைந்திருப்பதைக் கேட்காமல், ப்ரேக் இல்லை என்பதையும் கேட்காமல் கிளம்பிவிட்டது. என் கையைக் கிளப்பியதும் அதே மூளைதான். ஐந்து வருடம் அதற்கு நான் சொல்லிக்கொடுத்ததை அது நம்பிக்கையோடு செய்தது. வண்டி மாறியதை நான்தான் அதற்குச் சரியாகச் சொல்லவில்லை, வாய் வேறு வேலையில் இருந்ததால்.

மாமா கேசரியில் ஒரு ஸ்பூன் எடுத்தார். அம்மா அடுக்களைக்குள் ஓடிப்போய் அழுதாள்.

கிளம்பும்போது மாமா என் சட்டைப்பையில் ஐம்பது ரூபாயைத் திணித்தார். “மூளயப் பத்தி நல்லா சொன்னப்பா. படி. ஆனா கல்யாணத்தன்னிக்கு எந்த வண்டியயும் தொட்றாத.”

தொடவில்லை. இன்றும் மச்சான் காரை எடுத்தால் அக்கா முதலில் சொல்வது, “இவன பின்னாடி ஒக்கார வெய்யி. கைய மடில வெச்சிக்க சொல்லு.” பக்கத்தில் அப்பா உட்காருவார். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் மெல்ல ஒருமுறை தரையை அழுத்தும். எனக்கு அதைப் பார்க்க இன்னும் சிலிர்க்கும். கேட்டால், “நான் ஒன்னும் பண்ணலயே” என்பார்.

இரண்டாவது மாவுக்கட்டு, முன்கண்ணாடி, இரண்டு கேன் எல்லாம் சேர்த்து ஐயாயிரம் ரூபாய். வகுப்பெடுத்த கூலி ஐம்பதைக் கழித்தால், நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.