மீன் குடித்த தண்ணீர்

தண்ணீர் மறுபடியும் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

“ஏய் சண்முகவள்ளி! இங்கன வா!”

உடையப்பன் போட்ட சத்தத்தில் கண்ணாடித் தொட்டியில் இருந்த இரண்டு தங்க மீன்களும் மூலைக்கு ஓடின.

மீன்கள் அவருடையவை அல்ல. ஆபீசர் ஒரு மாத லீவில் மதராசுக்குப் போகும்போது தொட்டியோடு ஒப்படைத்துவிட்டுப் போனவை. கோடு கிழித்தவரும் ஆபீசர்தான். “தண்ணி இதுக்குக் கீழ எறங்கக் கூடாது. நல்ல தண்ணியா இருக்கணும், உப்புத் தண்ணி ஆகாது. வந்ததும் உம்ம ஹெட்கிளார்க் விஷயத்தப் பேசுவோம்” என்றிருந்தார். பதினெட்டு வருஷமாகக் குமாஸ்தாவாகவே இருப்பவருக்கு இது போதாதா?

திண்டுக்கல்லில் நல்ல தண்ணீருக்கு மீன் மட்டுமா தவம் கிடக்கிறது? வேலைக்காரி மாயம்மாள் ஒரு மைல் நடந்து சுமந்து வரும் இரண்டு குடம்தான் அந்த வீட்டுக்கு. இரண்டையும் மீனுக்கென்று டிரம்மில் ஊற்றச் சொல்லிவிட்டார் உடையப்பன்.

“அப்ப நமக்கு?” என்றாள் மனைவி சண்முகவள்ளி.

“கெணத்துத் தண்ணி என்ன வெசமா?”

மறுநாள் காலையில் காப்பி டம்ளர் முற்றத்தில் போய் விழுந்தது. “இது காப்பியா, கழனித் தண்ணியா? வாயில வைக்க முடியல!” டம்ளர் நெளிந்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு காப்பியைப் பற்றிப் புகார் எழவில்லை. சத்தம் போட்டால்தான் வீட்டில் காரியம் நடக்கும் என்பது உடையப்பன் கட்சி.

ஆனால் டிரம்மில் தண்ணீர் குறைந்தது. திண்டுக்கல்லில் பூட்டுக்கா பஞ்சம்? கைப்பிடி அகலத்தில் ஒன்றை வாங்கி டிரம் மூடியில் மாட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். காலையில் மாயம்மாள் வரும்போது தானே திறந்துவிடுவார்.

இப்போது தொட்டியிலேயே குறைகிறது!

“வெயிலுக்கு வத்தியிருக்கும்” என்றாள் சண்முகவள்ளி.

“ஒரு நாள்ல மூணு விரக்கடையா வத்தும்? களவு!”

நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சண்டைக்கு நின்றார். செபாஸ்தியம்மாள் அம்மியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

“கொழம்பு வைக்கணும்னா நான் மீனத்தான எடுப்பேன்? தண்ணிய எடுத்து என்ன செய்யப் போறேன்?”

நியாயம்தான். அந்த நியாயமே உடையப்பனை வீட்டுக்கு விரட்டியது. ஓடிவந்து மீன்களை எண்ணினார்.

குழாய் வேலை செய்யும் கிறிஸ்துராஜ் ஒரு வழி சொன்னான். “டிரம்ம மேல ஏத்திக் குழாய் போட்டுருவோம் சார். பெரிய பங்களாக் கக்கூஸ் தொட்டியில பித்தளை உருண்டை ஒண்ணு மெதக்குமே, அத வச்சிருவோம். தண்ணி எறங்குனா உருண்டை எறங்கும், குழாய் தானாத் தொறக்கும். நெறஞ்சா தானா மூடிக்கும்.”

“ஆபீசர் மீனுக்குக் கக்கூஸ் உருண்டையா!” என்று கொதித்தார். கொதித்துவிட்டு, மாட்டச் சொன்னார்.

தண்ணீர் கோட்டை விட்டு நகரவில்லை. வெற்றிக் களிப்பில் இரண்டு டம்ளர் காப்பி குடித்தார்.

டிரம்தான் இரண்டே நாளில் வற்றியது. இரண்டு குடம் நான்கு குடமானது. மாயம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

“மீனு இம்புட்டா குடிக்கும்?” என்று உடையப்பன் பல்லைக் கடித்தார்.

“பெரிய எடத்து மீனுல்ல” என்றாள் சண்முகவள்ளி.

“ஆமா! வளத்தவரு மட்டும் என்ன, எதுக்காச்சும் அளவு வச்சாரா?”

நான்காவது வாரம் மாயம்மாள் கல்யாணத்துக்கென்று வடமதுரைக்குப் போய்விட்டாள். டிரம் விளிம்பு வரை நிறைந்திருக்கிறதே என்று உடையப்பன் நிம்மதியாகத் தூங்கினார். மூன்றாம் நாள் காலை, சொன்ன தேதிக்கு முன்னாலேயே ஆபீசர் ரயிலடியிலிருந்து நேராக வந்து இறங்கினார்.

சண்முகவள்ளி காப்பி கொண்டுவந்தாள். ஆபீசர் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார்.

“மதராசுல கூட இப்படிக் காப்பி கெடைக்கலய்யா!”

“எல்லாம் நான் போட்ட சத்தம் சார்” என்று நெளிந்தார் உடையப்பன்.

“அப்புறம், அந்த ஹெட்கிளார்க் விஷயம்…” என்று ஆரம்பித்த ஆபீசர், தொட்டியைப் பார்த்தார். தண்ணீர் கோட்டுக்கு நான்கு விரற்கடை கீழே கிடந்தது. பித்தளை உருண்டை தொங்கியது. குழாயில் சொட்டு இல்லை.

“என்னய்யா இது?”

உடையப்பனுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. பதினெட்டு வருஷம்! கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறதே!

“எந்தக் களவாணி இந்தத் தண்ணிய எடுக்குறது? இன்னைக்கு போலீச வரச் சொல்லி, குடிச்சவன் வயித்தக் கிழிச்சாவது பாக்குறேன்!”

ஊரிலிருந்து திரும்பி அப்போதுதான் குடத்தோடு உள்ளே வந்த மாயம்மாள், ஆபீசர் முன்னால் இருந்த காலி டம்ளர்கள் இரண்டையும் பார்த்துப் பதறிப் போனாள்.

“அய்யய்யோ, வேணாஞ்சாமி! நீங்க டம்ளர எறிஞ்ச நாள்லருந்து ஒங்களுக்குக் காப்பியே அந்தத் தண்ணியிலதான். கடைசி ரெண்டு டம்ளரு இந்தப் பெரியய்யா வயித்துலல்ல இருக்கு!”