பாதியில் எழுந்து போகாத பெட்டி

பாப்பாயி அக்காவின் கோழிப்பண்ணையில் பெட்டி மூன்றாவது முறையாக நின்றுபோனது.

மின்விசிறி, தண்ணீரைப் பனியாய்த் தூவும் ஃபாகர், தீவன வண்டி மூன்றையும் தானே ஓட்டவேண்டிய பெட்டி அது. அதற்குப் புரோகிராம் எழுதியவன் குமரகுரு. ஷெட்டுக்குள் வெளியாள் கால் வைத்தால் கோழிக்கு நோய் வந்துவிடும் என்பது பண்ணைச் சட்டம். ஆகவே வெளியே வேப்பமரத்தடியில் லேப்டாப்போடு அவன். உள்ளே, பெட்டிக்கும் பழைய சுவிட்சுப் பலகைக்கும் நடுவில், செல்போனோடு வேலையாள் சின்னான்.

"இன்னொருக்கா நின்னுச்சுன்னா பொட்டியக் கழட்டி உங்க முதலாளி ஊட்டு வாசல்ல போட்டுருவேன் சாமி," என்றாள் பாப்பாயி.

சித்திரை வெயில். ஆறாயிரம் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. குமரகுருவின் வேலையும் அதே நிலைமையில்தான் இருந்தது.

பெட்டியின் வியாதி அவனுக்குத் தெரியும். தீவன வண்டி ஓடும்போது ஃபாகர் குறுக்கே வரும். அதற்கும் குறுக்கே விசிறி வரும். பாதியில் விட்ட ஒவ்வொரு வேலையையும் எங்கே விட்டோம் என்று பெட்டி குறித்துவைத்தாக வேண்டும். கம்பெனி போட்டிருந்த சிப்பிலோ இடம் கையளவு. நிரம்பியதும் நின்றுவிடும்.

யாருக்கும் யாரும் குறுக்கே வரக்கூடாது என்று மாற்றினான். தீவன வண்டி ஆடி அசைந்து ஷெட்டின் கோடிவரை போய்த் திரும்பும்வரை விசிறி மரியாதையாகக் காத்திருந்தது.

"தம்பி, கோழியெல்லாம் றெக்கைய விரிச்சுட்டு நிக்குதுங்க!" போனில் சின்னான் அலறினார்.

சரி, விசிறி மட்டும் குறுக்கே வரலாம் என்றான். அதற்கு வந்த வாழ்வைப் பார்க்கவேண்டுமே! அரை டிகிரி ஏறினாலும் ஓடிவந்தது. தீவன வண்டி அடிக்கொரு தரம் நின்றது. இப்போது கோழிகள் பசியில் கத்தின.

கடைசியாக, சூடு எல்லை மீறினால் மட்டும் விசிறி வரலாம், மற்றபடி எல்லோரும் முறைக்குக் காத்திருக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினான்.

"சின்னாண்ணா, பொட்டிய ஆஃப் பண்ணுங்க. பண்ணிட்டீங்களா? அப்பறம்..."

"ஏந்தம்பி," என்று குறுக்கிட்டாள் பாப்பாயி, "அப்படி என்னதான் நோவு அதுக்கு?"

இதைக் கேட்க ஓர் ஆள் கிடைப்பது அவனுக்கு அபூர்வம். போனைக் கீழே வைத்துவிட்டு, முட்டை அட்டைகளை ஸ்டூல்மேல் அடுக்கியே காட்டினான்.

"வேலைய பாதியில உட்டுட்டு எந்திரிச்சா, ஒவ்வொருக்காவும் ஒரு அட்டை மேல ஏறுமுங்கக்கா. ஸ்டூலு சின்னது, சாஞ்சிரும். எடுத்தத முடிச்சுட்டு எந்திரிச்சா எப்பவும் ஒரே அட்டைதானுங்க!"

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே விசிறிகள் சுழன்றன. வெக்கை தணிந்ததும் நின்றன. தீவன வண்டி கோடிவரை போய்த் திரும்பியது. பிறகே ஃபாகர் தூவியது. ஒரு மணி நேரம், ஒரு தடங்கல் இல்லை. கோழிகள் றெக்கையை மடக்கிக்கொண்டன. குமரகுருவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"கெட்டிக்காரன் சாமி நீ! மத்த அஞ்சு ஷெட்டுக்கும் இதே பொட்டிதான்," என்று பாப்பாயி மோரை நீட்டினாள்.

துண்டால் முகத்தைத் துடைத்தபடி சின்னான் வெளியே வந்தார்.

"ஏனுங்க தம்பி, ஆஃப் பண்ணச் சொன்னீங்களே, அந்தப் பொட்டிய மறுக்கா எப்பப் போடோணும்? இத்தன நேரமும் நாந்தான் பழைய சுவிட்சுல ஓட்டீட்டிருக்கறேன், எனக்கு ஞாபகம் வேற கம்மிங்க, ஒண்ண முடிக்காம இன்னொண்ணுக்கு எந்திரிக்க மாட்டனுங்க!"