எண்ணெய்க் குளியல் கண்ட தோல் சீட்டு

கையால் எதையாவது செய்து காட்டியே தீருவேன் என்ற வெறி வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால், மற்றவர்கள் கொஞ்ச நாளைக்கு வெள்ளை உடுத்தாமல் இருப்பது நல்லது. இதை அனுபவத்தில் சொல்கிறேன். அனுபவம் என்னுடையது, பேண்ட் என் மாமனாருடையது.

நான் கரூர்க்காரன். முகப்பேரில் ஃபிளாட், ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அதாவது அடுத்தவர் செய்து கொடுத்ததில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்துச் சொல்லியே சம்பளம் வாங்குகிறவன். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்ததால் வந்த வினைதான் இது.) கூட வேலை பார்த்த நித்யாவைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டேன். அவள் அப்பா பலராமன் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸ் வீடு. தங்கமான மனிதர். ஆனால் பெண் கேட்டுப் போன அன்று "வாங்க சார்" என்றவர், தாலி கட்டி முடித்த பிறகும் அந்த சாரை விடவில்லை. "சார், சாப்பிட்டீங்களா?" "சார், மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துக்குங்க." பந்தியில் சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும், "சாருக்கு இன்னொரு வடை வைப்பா!" அந்த வடை எனக்குத் தொண்டையிலேயே நிற்கும்.

"அவர் என்னை எப்போதான் மாப்பிள்ளைனு கூப்பிடுவார்?" என்று நித்யாவிடம் புலம்பினேன்.

"அப்பாவுக்குக் கைவேலை தெரிஞ்சவங்களைத்தான் மனுஷனாவே தெரியும். உங்களுக்கு பல்பு மாட்டவே எலக்ட்ரீஷியன் வரணும்" என்றாள் மகராசி.

சுருக்கென்றது. இரு, காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

நேரமும் கூடிவந்தது. மாமா ரிடையர் ஆகப்போகிறார். அந்தத் தொழிற்சாலையில் ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போட்டு, பேண்டு வாத்தியம் முழங்க, கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் ஊர்வலமாக வீடு வரை கொண்டுவந்து விடுவது வழக்கம். சிலர் திறந்த ஜீப் பிடிப்பார்கள். மாமா, "நான் என் பைக்லதான் வருவேன்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பழைய பைக்கை அவர் தினமும் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக வைத்திருந்தார். சீட்டு மட்டும்தான் கிழிந்து, பஞ்சு எட்டிப் பார்த்தது. ரெக்சின் போடக் கடைக்குக் கிளம்பியவரைக் குறுக்கே விழுந்து மறித்தேன்.

"மாமா, சீட்டை என்கிட்ட விடுங்க. நிஜத் தோல்ல, கையாலயே தைச்சுத் தர்றேன்!"

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்?"

அந்த சாருக்காகவே அதைச் செய்வது என்று முடிவு செய்தேன்.

பெரியமேட்டுக்குப் போய்த் தோல் வாங்கி வந்த நாளில் எனக்கு ராத்தூக்கம் போனது. என்ன வாசனை! என்ன கனம்! எங்கள் ஃபிளாட்டின் பால்கனி தொழிற்பட்டறை ஆனது. துணி காயப்போடும் கொடியில் தோல் தொங்கியது. வீடியோ பார்த்து, பார்த்ததை நிறுத்தி, மறுபடி ஓட்டி, அட்டையில் அளவு வெட்டி, குத்தூசியால் துளை போட்டு, மெழுகு தடவிய நூலால் கட்டம் கட்டமாகத் தைத்தேன். ஊசி தோலுக்குள் போனதைவிட என் விரலுக்குள் போனதுதான் அதிகம். இருந்தால் என்ன? வாழ்நாளில் முதல்முறையாக என் கை ஒரு பொருளை உண்டாக்குகிறது! ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பேன். (மேனேஜர் கேட்டால் "நோட்டட்" என்பேன்.)

தைத்து முடித்ததும் காப்பிக்கொட்டை நிறத்தில் சாயம் ஏற்றினேன். அடடா, ராஜா வீட்டுச் சிம்மாசனம் போல இருந்தது! ஒரு வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தேன். கைக்குட்டையும் காப்பிக்கொட்டை ஆனது. வீடியோக்காரர், சாயத்தின் மேல் ஒரு மேல்பூச்சு அடித்தால்தான் நிற்கும் என்றார். ஆன்லைனில் பார்த்தால் அந்தப் பாட்டில் மாமாவின் ஊர்வலத்துக்கு மறுநாள்தான் வந்து சேருமாம்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. மாமியாருக்குப் போன் போட்டேன்.

"அத்தை, புதுசுல சாயம் போகாம இருக்க என்ன பண்ணுவீங்க?"

"கல்லுப்புத் தண்ணியில ஊறப் போட்டு, நிழல்ல காய வைங்க மாப்பிள்ளை. நித்யாவுக்குப் புடவையா?"

"சர்ப்ரைஸ் அத்தை!" என்று வைத்துவிட்டேன்.

உப்புத் தண்ணீரில் ஊறி, நிழலில் காய்ந்த தோல் அப்பளமாகிவிட்டது. விரலால் தட்டினால் டொக் டொக் என்றது. அதை இழுத்துச் சீட்டின் மேல் போர்த்துவது நடக்கிற காரியமா? யோசித்தேன். தோல் வறண்டால் நம் வீட்டில் என்ன செய்வோம்? எண்ணெய் தேய்ப்போம். மாடாக இருந்தால் என்ன, மனுஷனாக இருந்தால் என்ன, தோல் தோல்தானே! நல்லெண்ணெயில் சீரகம் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் தலைதீபாவளி மாப்பிள்ளைக்குத் தேய்ப்பதுபோல அழுத்தித் தேய்த்தேன்.

நித்யா பால்கனிக் கதவில் சாய்ந்து நின்று, "சீயக்காய் எடுத்துட்டு வரட்டுமா?" என்றாள்.

சிரித்தவள் வாயை அந்தத் தோலே அடைத்தது. வெண்ணெயாகக் குழைந்து, சொன்ன பேச்சைக் கேட்டு, பஞ்சின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. படுக்கையறையில் ஏசி போட்டு ஆறவைத்து, புதுக் கைக்குட்டையால் தேய்த்தேன். ஒரு பொட்டுச் சாயம் இல்லை! "டெஸ்ட் பாஸ்!" என்று கத்தினேன்.

"வெயில்ல வச்சுப் பாத்தீங்களா?" என்றாள்.

"ஏன், மாடு ஏசியிலயா நின்னுச்சு?" என்றேன்.

ஆவடிக்குக் கொண்டுபோய் பைக்கில் மாட்டியதும் மாமா சீட்டைத் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு தையலாக விரலை ஓட்டினார். "பரவாயில்லையே," என்றவர், ஏதோ சொல்ல வந்து நிறுத்தி, "சார்" என்று முடித்தார். பக்கத்தில் ஒரு தெருநாய் சீட்டை முகர்ந்து நாக்கைச் சப்புக்கொட்டியது. அதையும் ரசிகர் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஊர்வல நாள் வந்தது. பைக் காலையிலிருந்து தொழிற்சாலை வாசலில், ஆவடி வெயிலில், நிழலே இல்லாமல் நின்றது. சாயங்காலம் மாமா வெளியே வந்தார். புது வெள்ளைச் சட்டை, புது வெள்ளைப் பேண்ட், கழுத்து மறைய ரோஜா மாலை. பின்னால் அத்தை அரக்கு நிறப் பட்டுப்புடவையில் ஏறிக்கொண்டார். பேண்டு முழங்கியது, சரவெடி வெடித்தது. நானும் நித்யாவும் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தோம். அவள் ஓட்ட, நான் போனில் வீடியோ எடுத்தேன்.

மாமாவோடு வேலை பார்த்த எத்திராஜ் அண்ணன், முத்தாபுதுப்பேட்டைக்காரர், பக்கத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டே கத்தினார்: "இன்னா பலராமா, சீட்டு சும்மா ஷோக்கா கீது! யாரு போட்டது?"

மாமா திரும்பி என்னைக் கைகாட்டினார். "நம்ம நித்யா வீட்டுக்காரரு!"

நம்ம! எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டு வாசலில் ஷாமியானா. குவார்ட்டர்ஸ் சனம் முழுக்கக் கூடியிருந்தது. மாமா இறங்கி, ஆரத்தி எடுக்க வசதியாக வீட்டைப் பார்த்து நின்றார். அதாவது கூட்டத்துக்கு முதுகு காட்டி நின்றார். முதலில் டிரம் நின்றது. பிறகு டிரம்பெட் நின்றது. வெள்ளைப் பேண்டின் பின்பக்கம் காப்பிக்கொட்டை நிறத்தில், கட்டம் கட்டமாக, நான் தைத்த தையல் உட்பட அச்சு அசலாகப் பதிந்திருந்தது. (அத்தையின் அரக்குப் புடவை எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டது. தெய்வம் அவர் பக்கம்.)

எத்திராஜ் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னா பலராமா, பின்னாடி கட்டம் போட்டுகினு வந்துகீற? தாயம் ஆடலாமா?"

மாமா பின்னால் தடவினார். உள்ளங்கையைப் பார்த்தார். முகர்ந்தார். "நல்லெண்ணெய்!" என்றார். அத்தையும் குனிந்து முகர்ந்து, "சீரகமும் போட்டிருக்கு" என்று சேர்த்துக்கொண்டார். நான் ஷாமியானா கம்பத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். கம்பம் என்னில் கால்வாசிகூட இல்லை. கையில் போன் இன்னும் வீடியோ எடுத்துக்கொண்டே இருந்தது.

"டேய்! வாடா இங்க!"

ஆவடியே அதிர்ந்தது. நித்யா என் கையை இறுக்கிப் பிடித்து, "அப்பா உங்களை 'டா' போட்டுட்டாரு!" என்றாள். பயத்தில் பாதி, பூரிப்பில் பாதி, கம்பத்தை விட்டு வெளியே வந்தேன்.

"என்னடா பண்ண அந்த சீட்டை?"

ஒப்பித்தேன். சாயம், கல்லுப்பு, எண்ணெய்க் குளியல். சீரகத்துக்கு வந்தபோது மாமாவின் தொப்பை குலுங்க ஆரம்பித்தது. பிறகு மாலையிலிருந்து ரோஜா இதழ் உதிர உதிரச் சிரித்தார். "இத்தனை வருஷமா கிரீஸ்லயும் ஆயில்லயும் கெடந்தேன். ஒரே ஒரு நாள் கறைபடாம வெள்ளை போட்டுக்கிட்டு வீட்டுக்கு வரலாம்னு பாத்தேன். விட்டியாடா மாப்ள!"

மாப்ள! அத்தனை பேர் முன்னால்! அழுதுவிட்டேன் ஐயா, வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன்.

அந்த வீடியோ இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் டிவியில் ஓடும். நான் எதற்காவது "நானே செஞ்சிடறேன்" என்றால் அத்தை கொடியில் காயும் வெள்ளைத் துணியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுகிறார். அந்த மேல்பூச்சுப் பாட்டில் சொன்னபடி மறுநாள் வந்தது. எண்ணெய் குடித்த தோலில் அது ஒட்டவே இல்லை. வெயில் ஏறினால் சீட்டு இன்றைக்கும் சாயம் விடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா அதே பைக்கில் முகப்பேருக்கு வந்திருந்தார். மனசு கேட்காமல், "கடையில குடுத்து ரெக்சின் போட்டுடலாம் மாமா" என்றேன்.

மாமா தன் காலைக் காட்டினார். காப்பிக்கொட்டை நிறப் பேண்ட். இப்போதெல்லாம் தையற்கடையில் அந்த ஒரே நிறத்தில்தான் தைக்கக் கொடுக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எதுக்குடா மாப்ள சீட்டை மாத்தணும்? பேண்டைத்தான் மாத்திட்டேனே."