பொட்டலத்தார்

2016ஆம் ஆண்டு மார்ச் 14, திங்கட்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். ஒலிப்பாடங்கள் தயாரிக்கும் நிலையமொன்றில், பாடங்களின் எழுத்துப்படியைத் திருத்தும் வேலையில் நான் சேர்ந்து இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது. பதிவுகளைக் காக்கும் அறையில், காதுகளில் ஹெட்போன் மாட்டியிருந்த ஒருவர் அன்பே உருவாக எழுந்து நின்று வரவேற்றார். "முதல் பாடம் கேக்கணுமா? தாராளமா கேளுங்க சார். அனுப்பி வைக்கிறேன்" என்றார். அனுப்பினார். ஏழு துண்டுகளாக. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பூட்டு. பாடத்தின் நீளம் நான்கு நிமிடம்.

வாசகரே, பொட்டலங்கட்டி என்னும் மனித இனத்தை நான் முதன்முதலில் நேரில் கண்டது அன்றுதான்.

இவ்வினத்தாரை அடையாளம் காண்பது எளிது. ஒரு பாட்டோ பேச்சோ கைக்கு வந்தால் நீங்களும் நானும் அதைக் கேட்போம், இவர்கள் கேட்கமாட்டார்கள். வந்த மாத்திரத்தில் அதற்குத் தேதியிட்டு, எண்ணிட்டு, இன்னும் நாற்பது கோப்புகளோடு சேர்த்து ஒரே பொட்டலமாகச் சுருக்கி, அதற்கொரு கடவுச்சொல் போட்டு, அந்தப் பொட்டலத்தை வேறொரு பொட்டலத்துக்குள் வைத்து அதற்கும் கடவுச்சொல் போட்டு, மூன்று பென் டிரைவ்களில் நகலெடுத்து, மூன்றையும் மூன்று இழுப்பறைகளில் வைத்துச் சாவியைத் திருப்பிய பிறகே தண்ணீர் குடிப்பார்கள். இவ்வளவும் செய்ததில் இடமாவது மிச்சமா? ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கும் ஒலிக்கோப்பை மேலும் பிழிந்தால் என்ன வரும்? நூறு பங்கு தொண்ணூற்றொன்பதரை ஆகும். அந்த அரைப் பங்கைக் கண்டு இவர்கள் முகத்தில் தோன்றும் மலர்ச்சி, பிள்ளை முதலடி எடுத்து வைத்ததைப் பார்த்த தகப்பனுக்குக்கூட வராது.

எங்களவருக்கு நிலையத்தில் பொட்டலத்தார் என்றே பெயர். ஒருமுறை மனைவியின் பிறந்தநாளுக்குத் தம் குரலிலேயே வாழ்த்துப் பதிந்து, முறைப்படி பூட்டி அனுப்பிவைத்தார். அந்த அம்மையார் உடனே அழைத்தார். ஒலிபெருக்கியை அணைக்காமல் பேசியது இவர் செய்த பிழை.

"என்னங்க, இது பாஸ்வேர்ட் கேக்குது."

"குறிப்பு தனியா அனுப்பினேனே."

"'நாம் முதலில் சந்தித்த இடம்'னு இருக்கு. பஸ் ஸ்டாண்டுன்னு போட்டேன், எடுக்கல."

"பஸ் ஸ்டாண்டா? உங்க மாமா வீட்டு மாடி இல்ல?"

"எங்க மாமா வீட்ல மாடியே கிடையாது. நீங்க யாரை எங்க பார்த்தீங்க?"

அன்று மாலை அவர் வீடு திரும்பிய நடை எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

இப்படிப்பட்டவரின் கையில் என் பிழைப்பே மாட்டிக்கொண்டது. எங்கள் பன்னிரண்டாம் பாடம், மனித இதயத்துக்கு மூன்று அறைகள் என்ற பிழையோடு வெளியாகி, பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். பாடம் வெளியாவதற்கு முன்பு நடந்த கூட்டத்தில் திருத்தம் வேண்டாமென்று சொன்னவர் திருத்துநர்தான் என்று மேலாளர் எழுத்திலேயே கொடுத்துவிட்டார். திருத்துநர் நான். வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு விசாரணை. குற்றம் உறுதியானால் எழுத்துப் பிரிவிலிருந்து கிடங்குக்குப் போய் அட்டைப்பெட்டிகளை அடுக்க வேண்டியதுதான். திருத்தம் வேண்டாமென்று உண்மையில் சொன்னவர் மேலாளரே என்பதற்குச் சான்று ஒன்றே ஒன்று: கூட்டங்களையெல்லாம் பதிந்து வைக்கும் பொட்டலத்தாரின் சேமிப்பு. செவ்வாயன்று காலை ஓடினேன்.

"இருக்கு சார். பத்திரமா இருக்கு."

"கொஞ்சம் போட்டுக் காட்டுங்களேன்."

"பாஸ்வேர்ட் வேணுமே."

"நீங்க போட்டதுதானே?"

"ஆமா. எல்லா பாஸ்வேர்டையும் ஒரு லிஸ்ட்ல எழுதி வெச்சிருக்கேன்."

"லிஸ்ட் எங்க?"

அவர் திரையிலிருந்த பொட்டலத்தையே சுட்டிக்காட்டினார். பட்டியல் அந்தப் பொட்டலத்துக்குள்ளேயே இருந்தது.

"வெளியில வெச்சா யாராவது எடுத்துடுவாங்கல்ல சார்" என்றார், என்னிடமே நியாயம் கேட்பவரைப்போல.

குறிப்பு மட்டும் வெளியே இருந்தது: 'எனக்கு மிகவும் பிடித்தது'. தமக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு மனிதர் இரண்டு நாள் விடாமல் யோசித்ததை நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்ததுண்டா? மனைவி பெயர் எடுக்கவில்லை. மகள் பெயர் எடுக்கவில்லை. வியாழன் பகல் ஒரு மணிக்கு, வேறு வழியின்றி வீட்டுக்கு அழைத்தார்.

"எனக்கு ரொம்பப் பிடிச்சது எதுன்னு உனக்குத் தெரியுமா?"

"என்னைக் கேளுங்க. அந்த ஓட்டை டேப் ரெக்கார்டர்தான். அதுமேல இருக்கிற நம்பரத் தூக்கத்துலகூட சொல்லுவீங்களே."

எண்ணை இட்டார். திறந்தது.

விசாரணை அறையில் மேலாளரின் குரல் கணீரென்று ஒலித்தது: "மூணு அறையோ நாலு அறையோ, பாடம் நாளைக்கு வெளிய போகணும். திருத்தம் வேணாம்." என் குரல் இருமுறை மறுத்தது. மேலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். கூட்டம் முடிந்து நாற்காலிகள் நகரும் ஓசையோடு பதிவு நின்றது. நான் பிழைத்தேன்.

பிழைத்த பிறகுதான் எனக்கு வியர்த்தது. ஏனெனில் கூட்டம் நடந்த அன்று பதிவுக்கருவி அந்த இடத்தோடு நிற்கவில்லை. எல்லோரும் போனபின் தட்டச்சரம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். அந்த அம்மாவைச் சிரிக்கவைக்க, பொட்டலத்தாரைப்போலக் காதில் கைவைத்துக்கொண்டு, அவர் குரலிலேயே, "தண்ணி வேணுமா சார்? ஏழு பார்ட்டா அனுப்பறேன்" என்று தொடங்கி, அவர் நடை, இருமல், மாடியில்லாத மாமா வீடுவரை ஒன்றும் விடாமல் கால் மணி நேரம் நடித்துக் காட்டினேன். எழுந்தபோதுதான் கருவியில் சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டு நானே அணைத்தேன், அணைத்ததோடு மறந்தும்போனேன்.

பதிவில் ஒரு நொடியை வெட்டுவதைக்கூடக் கொலைபாதகமாக நினைப்பவர், அந்தக் கால் மணி நேரத்தை வெட்டியிருக்கிறார். எங்கே வெட்டுவது என்று தெரிய, கேட்டிருக்க வேண்டும். முழுவதையும்.

மறுநாள் மெல்ல ஆரம்பித்தேன். "அந்தப் பதிவு கொஞ்சம் குறைவா இருந்துச்சே..."

"சுருக்கினா குறையத்தானே சார் செய்யும்" என்று சொல்லி ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள் அல்லவா? நல்லது. உங்கள் கைபேசியில் கேட்கவும் கேட்காமல், அழிக்கவும் மனமின்றிக் கிடக்கும் குரல்செய்திகள் எத்தனை? 'முக்கியம்', 'முக்கியம் புதியது', 'முக்கியம் கடைசி' என்ற பெயர்களை இட்டவர் யார்? கடவுச்சொற்களையெல்லாம் கைபேசியிலேயே குறித்துவைத்து, அந்தக் கைபேசியையும் பூட்டியவர் நீங்களில்லை என்று அடித்துச் சொல்வீர்களா? இனம் பெருகிவருகிறது, வாசகரே. அதில் சேர்ந்துவிட்டீர்கள் என்றால் பாதியில் நின்றுவிடாதீர்கள். எங்களவரைப்போல முழுமையாகச் சேருங்கள். அந்தக் கால் மணி நேரத்துக்காக நான் பட்டிருக்கும் கடனை அவர் இன்றுவரை ஒரு பார்வையாலும் கேட்டதில்லை. நானோ, இதோ இதையும் எழுதி, அந்தக் கடனைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.