கண்ணோரம் சிரிக்காத தாய்மாமன்

வலது கை மவுஸை ஒரு நெல் அளவு நகர்த்துகிறது. திரையில் ஒரு கோடு விழுகிறது. இடது கை இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்துகிறது; கோடு மறைகிறது. மறுபடியும் நகர்த்தல், மறுபடியும் கோடு. இந்த முறை அது லேசாக வளைந்து, நுனியில் மெலிந்து, கன்னத்து மேட்டில் போய்க் கரைகிறது. கைகள் ஒரு நொடி ஓய்கின்றன. திரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்து கிடப்பது ஒரு மனிதரின் இடது கண். அதன் ஓரத்தில் நான்காவது சுருக்கம் வந்துவிட்டது. கவனியுங்கள், அழித்த சுருக்கம் அல்ல. வரைந்த சுருக்கம்.

"இன்னும் கொஞ்சம் ஆழமாப் போடு தாயி," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "சந்தோசம் பத்தலை."

கடை தேடி வந்து சுருக்கம் கேட்கும் இந்த மனிதர் யார்? அவரைத் தெரிந்துகொள்ளும் முன் அவருடைய இனத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

வாசகரே, இந்த இனத்துக்கு மறைமுக இளைஞர் என்று பெயர். ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் திருச்சிக்கு பஸ் ஏறி, கண்ணோரச் சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து, 'என்னங்க, ஆளே மாறிட்டீங்க?' என்று யாராவது கேட்க மாட்டார்களா என ஊரெல்லாம் சுற்றி, கேட்டதும் 'அப்படியா? ஒண்ணுமில்லையே' என்று ஆகாயத்தைப் பார்ப்பவர் எவரோ, அவரே மறைமுக இளைஞர். ஊசி போட்டுக்கொள்வதில் ஒரு குற்றமும் இல்லை. பல் கட்டுகிறோம், மீசைக்குச் சாயம் பூசுகிறோம், வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம். ஆனால் வெள்ளை அடித்த வீட்டுக்காரர் யாராவது 'எங்க சுவரு நல்லாத் தூங்குது, அதான் பளிச்சுன்னு இருக்கு' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

இவர் சொல்வார். திங்கட்கிழமை கேட்டால் தூக்கம். செவ்வாய்க்கிழமை கேட்டால் வெந்நீர். புதன்கிழமை கேட்டால் 'எல்லாம் மனசுதாங்க.' தூக்கத்தில் சுருக்கம் போகும் என்றால், மதியம் மூன்று மணிக்கு நம் அலுவலகங்களில் அமர்ந்திருப்பவர்கள் எல்லாம் பச்சைக் குழந்தைகளாக அல்லவா இருக்க வேண்டும்?

இவரைக் கூட்டத்திலும் அடையாளம் காணலாம். நிறுத்தியிருக்கும் எந்த பைக்கைக் கடந்தாலும் அதன் கண்ணாடிக்கு ஒரு பார்வை வரி கட்டாமல் போகமாட்டார். கல்யாண வீட்டில் எடுத்த படத்தைக் காட்டினால், மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டு, மூன்றாவது வரிசையில் நிற்கும் தன் முகத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, கண்ணோரத்தை ஆராய்ந்து, பிறகு 'பொண்ணு லட்சணமா இருக்கு' என்பார். தன் பழைய படங்களை எல்லாம் தேடித் தேடி அழித்துவிடுவார்.

அதுதான் குழந்தைசாமியைக் கவிழ்த்தது.

குழந்தைசாமி வல்லத்திராக்கோட்டைக்காரர், வயது ஐம்பத்திரண்டு, சிமெண்டு கம்பிக் கடை. ஊசி போட்ட டாக்டரம்மா, "இவ்வளவு போதும்" என்றதைக் கேட்காமல், உரக் கடையில் நிற்கிறவர் மாதிரி, "போடுறதை நல்லாத் தாராளமாப் போடுங்கம்மா," என்று நின்றார். டாக்டரம்மா மறுத்தார். இவர் இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் போய், இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார். நாலு மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது என்று சொன்னதை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டார். பஸ்ஸில் கால் செருப்பு நழுவி முன் சீட்டுக்கு அடியில் போனபோதும் குனியாமல், ஒரு காலில் செருப்போடு ஊர் வந்து சேர்ந்தார்.

பலன் கிடைத்தது. கண்ணோரம் மொழுமொழுவென்று ஆனது. சிரித்தாலும் மொழுமொழுதான். வாய் சிரிக்கும், கன்னம் கொஞ்சம் ஒத்துழைக்கும், கண் மட்டும் கடன் மனுவைப் படிக்கும் பேங்க் மேனேஜர் கண்ணாக அசையாமல் நிற்கும்.

இந்தச் சமயம் பார்த்து அவருடைய தங்கை ராசாத்தியும் அவள் கணவர் முத்துராமனும் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார்கள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த ஒற்றைப் பிள்ளை வைஷ்ணவிக்குக் காதணி விழா. தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைத்துக் காது குத்த வேண்டும். ஐந்து வருடமாக அவர் காத்திருந்த மடி அது. செய்தி கேட்டுக் குழந்தைசாமியின் உள்ளம் துள்ளியது. வாய் காதுவரை விரிந்தது. கண் அசையவில்லை.

"மாமா பல்லை மட்டும் காட்டுறாரு," என்றாள் வைஷ்ணவி.

முத்துராமன் மனதில் அது ஆணியாக இறங்கியது. "ஒங்கண்ணனுக்குச் சீர் செய்ய மனசில்லை. மனசில்லாத மடியில எம்புள்ள ஒக்கார வேணாம். ஒங்க சித்தப்பா மகன் செம்மலைக் கூப்பிடுவோம். அவனும் தாய்மாமன்தானே?" என்று வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார். சொன்னது மறுநாள் காலை குழந்தைசாமி கடைக்கு, சிமெண்டு வாங்க வந்தவர் வாயில் வந்து சேர்ந்தது.

ஊசி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற விஷயம். சொல்வாரா? மறைமுக இளைஞர் மடியை இழந்தாலும் இழப்பார், வெந்நீரை விட்டுக்கொடுக்க மாட்டார். வேறு வழி கண்டுபிடித்தார். மண்டப வாசலில் இருபதடி ஃபிளக்ஸ். அதில் கண்ணோரமெல்லாம் சுருங்கச் சுருங்கச் சிரிக்கும் தாய்மாமன். மச்சினன் பார்க்கட்டும், மனசு இருக்கிறதா இல்லையா என்று. இப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை அவர் திருவரங்குளத்தில் சிவரஞ்சனியின் ஃபிளக்ஸ் கடைக்கு வந்தார். விழா ஞாயிற்றுக்கிழமை.

சிவரஞ்சனி பதினோரு வருடமாக அவர் முகத்தை அறிந்தவள். அவருடைய ஒவ்வொரு ஃபிளக்ஸிலும், அவர் சொல்படி, ஒவ்வொரு சுருக்கமாக எடுத்தவள் அவள்தான். எடுத்ததை வைத்திருக்கிறாளா? இல்லை. அவர் செல்போனில் இருக்கிறதா? இல்லை. ஆக, குழந்தைசாமி சிரித்தால் கண் எப்படி இருக்கும் என்பதற்கு மாவட்டத்தில் ஒரு சாட்சியும் மிச்சமில்லை.

ஒரு மணி நேரம் வரைந்து பார்த்தாள். எவ்வளவு பொறுமையாகப் போட்டாலும் அது முகத்தில் பேனா கிறுக்கிய மாதிரியே இருந்தது. அரைகுறை வேலையை அவள் கை வெளியே விடாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பழைய ஃபைல்களைத் திறந்து, நல்ல சிரிப்பு ஒன்றைத் தேடினாள். சுருக்கத்தை எடுக்காதே என்று சொன்ன வாடிக்கையாளர் இத்தனை வருடத்தில் ஒரே ஒருவர்தான். அவர் கண்ணோரத்தை அப்படியே பெயர்த்து எடுத்து, நிறத்தைச் சரிசெய்து, குழந்தைசாமியின் முகத்தில் பதித்தாள்.

படம் உயிர் பெற்றுவிட்டது.

"அடேயப்பா!" என்றார் குழந்தைசாமி. "இது எங்கிட்டுருந்து பிடிச்சே?"

"ஒரு நல்ல மனுசர்கிட்டே இருந்துண்ணே. பேரு எதுக்கு?"

அப்போது வாசலில் ஸ்கூட்டி நின்றது. உள்ளே வந்தவள் ராசாத்தி. கையில் செல்போன், அதில் ஒரு படம். அண்ணனைக் கண்டதும் போனைச் சேலைக்குள் மறைத்தாள்.

"என்ன ஆத்தா, இங்கிட்டு?"

"ஃபிளக்ஸ் சொல்ல வந்தேன்." அவள் முகம் சிவந்தது. "செம்மலண்ணன் படத்தைப் போட்டு அடிக்கச் சொல்லி அவரு அனுப்பிவிட்டாரு. நான் என்னண்ணே பண்ண? ஒனக்கு மனசில்லைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்கா மனசில்லை? அன்னைக்கு அம்புட்டுச் சிரிச்சேனே!"

"பல்லு சிரிச்சுச்சு. நீ சிரிக்கலை."

"இந்தா பாரு. இந்தா சிரிக்கிறேன். பாரு!"

ராசாத்தி பார்த்தாள். சிவரஞ்சனியும் பார்த்தாள். கறிக்கடைக்காரர் கத்தி தீட்டும்போது அப்படிச் சிரிப்பதை இருவரும் பார்த்திருக்கிறார்கள்.

"அது வேணாம், இதைப் பாரு," என்று அவர் அவசரமாகத் திரையைக் காட்டினார். "இதுதான் என் மனசு."

ராசாத்தி திரைக்குப் பக்கத்தில் போனாள். முதலில் அவள் கண் கலங்கியது. பிறகு குறுகியது. சேலைக்குள்ளிருந்து போனை எடுத்து, அதிலிருந்த படத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"ஏண்ணே, செம்மலண்ணன் கண்ணு எதுக்கு ஒன் மூஞ்சியில இருக்கு?"

"என்ன ஒளர்றே?"

"வலது கண்ணோரம் மூணு கோடு, நடுக்கோடு பாதியில வெட்டிக்கிட்டுக் கெடக்குது பாரு. கபடி ஆடி வெழுந்தப்போ பட்டது. நாந்தானே மஞ்சளு வச்சுக் கட்டினேன்?"

குழந்தைசாமி சிவரஞ்சனியைப் பார்த்தார். சிவரஞ்சனி விசைப்பலகையில் தூசி தட்டினாள்.

"சொந்தக் கண்ணு என்னண்ணே ஆச்சு ஒனக்கு?"

"ஒண்ணுமில்லை ஆத்தா. இப்பல்லாம் நல்லாத் தூங்குறேன்..."

"அண்ணே."

"காலையில வெந்நீரு..."

"அந்த மடி வேணுமா, வேணாமா?"

குழந்தைசாமி ஒருமுறை வாசலைப் பார்த்தார், ஒருமுறை தரையைப் பார்த்தார். பிறகு, களவு கொடுத்தவர் போலீஸ் ஸ்டேஷனில் சொல்கிற குரலில் சொன்னார்: "ஊசி. ரெண்டு தடவை. திருச்சியில."

ராசாத்தி ஸ்டூலில் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று சிவரஞ்சனி தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். அழவில்லை. சிரித்துச் சிரித்து ஸ்டூலிலிருந்து சரியப்போனாள்.

"எப்பண்ணே எறங்கும்?"

"மூணு மாசம், நாலு மாசம்ங்கிறாங்க."

"அதுவரைக்கும் நீ சந்தோசமா இருக்கியான்னு நாங்க கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா?" என்றவள், அவர் தடுப்பதற்குள் கணவருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரையும் போட்டுவிட்டாள். "ஏங்க, அண்ணனுக்குக் கோவமெல்லாம் இல்லீங்க. கண்ணோரச் சுருக்கத்துக்கு ஊசி போட்டிருக்காரு. சிரிக்கிறாரு, கண்ணுக்கு வந்து சேரலை."

போனில் முத்துராமனின் சிரிப்பு, ஒரு பழைய டிராக்டர் கிளம்பும் சத்தத்தோடு வந்தது. "அட மச்சான்! இதுக்கா நான் ரெண்டு நாளு சோறு எறங்காமக் கெடந்தேன்? மடி அவரோடதுதான். வேற யாரு ஒக்காருவா? வாயால சத்தமாச் சிரிக்கச் சொல்லு, போதும்." குரல் தாழ்ந்தது. "ராசாத்தி, ஸ்பீக்கர்ல இருக்கேனா?"

"இல்லீங்க," என்றாள் ஸ்பீக்கரில் இருந்த போனைக் கையில் ஏந்தியபடி.

"அது... வலிக்குமான்னு கேளு. அந்த டாக்டரம்மா நம்பரும் வாங்கிக்க. எனக்கில்லை. நம்ம கடைப்பக்கம் வர்ற ஒருத்தரு கேட்டாரு."

குழந்தைசாமி முதல்முறையாக உண்மையிலேயே சிரித்தார். கண் அசையவில்லைதான். ஆனால் வயிறு குலுங்கியது; இப்போதைக்கு அவருடைய சுருக்கமெல்லாம் அங்கேதான்.

இனி ஃபிளக்ஸ். செம்மலின் கண்ணைச் செம்மலுக்கே திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆனால் சுற்றிலும் படம் போட்டிருந்த சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கோடு இருக்க, குழந்தைசாமி மட்டும் உரித்த முட்டையாகத் தனித்துத் தெரிந்தார். ராசாத்தி யோசித்தாள். "அப்ப எனக்கும் எடுத்துரும்மா," என்றாள். சிவரஞ்சனி எடுத்தாள். "அவருக்கும்." எடுத்தாள். பிறகு முறைப்படி பெரியவர்கள், பங்காளிகள், வாழ்த்தும் நண்பர்கள் என இருபத்தேழு பேருக்கும், ஒரு கண் விடாமல், சாயங்காலம்வரை பொறுமையாக எடுத்தாள். காது குத்தப்போகும் ஐந்து வயசுப் பிள்ளைக்குத்தான் சிரிக்கும்போது கண்ணடியில் இரண்டு மடிப்பு இருந்தது. அதை அவள் தொடவில்லை. இருபதடி ஃபிளக்ஸில் வயதானவள் வைஷ்ணவி ஒருத்திதான்.

வாசகரே, இதைப் படிக்கும்போது எங்கேயாவது சிரித்தீர்களா? அப்போது உங்கள் கண்ணோரம் சுருங்கியதா? சுருங்கியிருந்தால் நல்லது, கண்ணாடியைத் தேடி எழுந்திருக்காதீர்கள். சுருங்கவில்லை என்றால், உங்கள் வீட்டு விசேஷத்துக்கு முன்னால் யாராவது ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள். 'நான் எல்லாம் அந்த இனம் இல்லை, ஒரு நண்பருக்காகத்தான் இவ்வளவு கவனமாகப் படித்தேன்' என்கிறீர்களா? சரி. அந்த நண்பரிடம் சொல்லுங்கள்.

சிவரஞ்சனி ஃபிளக்ஸின் நான்கு மூலையையும் இழுத்துப் பார்த்து, மை காய்ந்துவிட்டதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்து, சுருட்டி, மடிப்பு விழாமல் இரண்டு இடத்தில் கயிறு கட்டி, அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் நீட்டினாள்.

"இந்தாங்கண்ணே, பிடிங்க. கசங்காமக் கொண்டு போங்க."