பப்பாசியரின் கால்

புண்ணுக்குப் போடலாம் என்று மன்னாரில் யார் எதைச் சொன்னாலும், அது பப்பாசியரின் இடது காலுக்குத் தப்பியதில்லை.

ஆள் தையற்காரர். தமிழ்நாட்டு அகதி முகாமில் பாதி வாழ்க்கையைக் கழித்து, போர் முடிந்ததும் விடத்தல்தீவுக்குத் திரும்பியவர். தகரக் கொட்டிலுக்குள் மிதி மெஷினைப் போட்டுத் தைத்தார். சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், பெருவிரலடியில் ஆறாத புண். நான் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் தாதி; ஊராருக்கு மிஸி. ஒன்றுவிட்டொரு நாள் என்னிடம் வருவார்.

நான் பூசிவிடும் களிம்பை வீட்டுக்குப் போனதும் துடைத்துவிட்டுத் தன் வைத்தியத்தைத் தொடங்குவார். முதலில் தேன். பிறகு சீனி.

"சீனி வருத்தத்துக்குச் சீனியோ ஐயா?"

"வருத்தம் உள்ளுக்க, மிஸி. இது வெளியில போடுறது."

எறும்புகள் குடும்பத்தோடு வந்தன.

அடுத்தது அரைத்த பப்பாசிக்காய். பெயர் வந்தது அதனால்தான். பஸ் நிலையத்திலிருந்து ஒரு கழுதை அவருடைய காலை மோந்தபடியே ஆஸ்பத்திரி வாசல்வரை வந்துவிட்டது.

"கழுதைக்கு விளங்குது, உங்களுக்கு விளங்கேல்லை" என்றார். வரிசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். கட்டைப் பிரித்தேன். எலும்பு தெரிந்தது.

"நோகேல்லை, மிஸி. நோகேல்லை எண்டால் மாறுது எண்டுதானே?"

"உணர்ச்சி செத்துப்போச்சு ஐயா, அதுதான் நோகேல்லை. இனி மெஷின் மிதியாதேங்கோ. என்ன பூசினாலும், பாரம் குடுத்தால் ஆறாது."

"மிதிக்காட்டி ஆர் சோறு போடுறது?"

புதுத் துணி எடுத்துக் கட்டிவிட்டேன்.

முதலில் விரல் போனது. பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம். வார்டுக்குப் போய்ப் பார்த்தபோது, பக்கத்துக் கட்டில்காரருக்கு வேப்பெண்ணெயின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் ஊன்றுகோலோடு வந்தார். கதிரையில் அமர்ந்து, மிஞ்சியிருந்த காலை நீட்டினார். குதிக்காலில் மிளகளவு துளை.

"மெஷின் மிதிச்சனீங்களோ?"

"ஓம். இந்தக் காலாலதான்."

"இதுக்கு என்ன போட்டனீங்கள்?"

"ஒண்டும் போடேல்லை. நீங்கள் சொல்லுறதையே போடுங்கோ, மிஸி."

இத்தனை காலமும் அவர் வாயிலிருந்து நான் கேட்க ஆசைப்பட்ட சொல் அது. கேட்டபோது அழுகை வந்தது. ஏதாவது கிறுக்குத்தனமாகச் சொல்ல மாட்டாரா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கழுவி, களிம்பு பூசி, சுற்றிக் கட்டினேன். கட்டி முடித்த பிறகும், அந்தக் காலை என் மடியிலிருந்து இறக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை.